ஒரு கப் என்றால் எத்தனை கிராம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நாங்கள் இருப்பது புதுச்சேரி முத்தியால்பேட்டையில். அவளுடைய சித்தி பிரான்சில் இருக்கிறார். இந்த ஊரில் பல வீடுகளுக்கு அப்படி ஒரு சித்தியோ மாமாவோ உண்டு. அந்தச் சித்தி அனுப்பிய கிரெப் செய்முறையை அவள் செய்து பார்த்திருக்கிறாள். கிரெப் என்பது மைதா, முட்டை, பால் கலந்து கல்லில் மெல்லிசாக ஊற்றி எடுக்கும் பிரெஞ்சு தோசை.

“அத்தை, சித்தி சொன்ன அளவுதான் போட்டேன். மோர் மாதிரி ஓடுது. கல்லுல நிக்கவே மாட்டேங்குது.”

செய்முறையை வாங்கிப் பார்த்தேன். 250 கிராம் மைதா, 4 முட்டை, 50 சென்டிலிட்டர் பால், உருக்கிய வெண்ணெய் கொஞ்சம், ஒரு சிட்டிகை உப்பு. பிரான்சில் பாலையும் தண்ணீரையும் சென்டிலிட்டரில் சொல்வது சகஜம். 100 சென்டிலிட்டர் ஒரு லிட்டர். ஆக, 50 என்றால் அரை லிட்டர். அதை அவள் சரியாகவே அளந்திருந்தாள்.

“மைதா எப்படி எடுத்தே?”

“இந்தக் கப்புல ஒண்ணு. இதுலயே 250னு போட்டிருக்கே அத்தை.”

கப்பில் 250 என்று இருந்தது உண்மை. ஆனால் அது மில்லிலிட்டர். அவள் எடுத்த மாதிரியே இன்னொரு கப் மைதா எடுத்துத் தராசில் வைத்தோம். 130 கிராம். செய்முறை கேட்டதில் பாதிதான் மாவு போயிருக்கிறது. மோர் மாதிரி ஓடாமல் என்ன செய்யும்?

இது அவள் ஒருத்தியின் குழப்பம் இல்லை. “ஒரு கப், அதாவது 250 கிராம்” என்று சமையல் வீடியோக்களில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். கேக்கு சரியாக உப்பவில்லை என்றால் அடுப்பைக் குறை சொல்கிறோம், மைதாவைக் குறை சொல்கிறோம், கைப்பக்குவம் வரவில்லை என்று வருத்தப்படுகிறோம். பல நேரம் பழுது அளவில்தான் இருக்கிறது. அதனால் இதை அடியிலிருந்து சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

## முகத்தல் வேறு, நிறுத்தல் வேறு

பள்ளிக்கூடத்தில் முகத்தல் அளவை, நிறுத்தல் அளவை, நீட்டல் அளவை என்று படித்திருப்போம். முகத்தல் என்றால் மொண்டு அளப்பது. நிறுத்தல் என்றால் தராசில் எடை போடுவது. நீட்டல் முழம் போடுவது, அது நமக்கு இங்கே வேண்டாம். நம் முன்னோர்கள் முதல் இரண்டையும் வேறு வேறு அளவைகளாகப் பிரித்து வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டும் கேட்கிற கேள்வியே வேறு.

முகத்தல், ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கேட்கிறது. அந்த இடத்துக்குக் கொள்ளளவு என்று பெயர். மில்லிலிட்டர், லிட்டர், கப், டம்ளர், ஸ்பூன், ஆழாக்கு, படி எல்லாம் இந்தப் பக்கம். நிறுத்தல், அந்தப் பொருள் எவ்வளவு கனக்கிறது என்று கேட்கிறது. அது எடை. கிராம், கிலோ, பழைய பலம், வீசை எல்லாம் அந்தப் பக்கம்.

நான் பிறந்தது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். எங்கள் வீட்டில் அரிசி என்றால் ஆழாக்குதான். எட்டு ஆழாக்கு ஒரு படி. நெல் அளக்கும்போது பாட்டி முதல் படியை ஒன்று என்று சொல்ல மாட்டார், “லாபம்” என்றுதான் தொடங்குவார்; அப்புறம் ரெண்டு, மூணு. அதே வீட்டில் வெல்லத்தையும் புளியையும் வீசைக் கணக்கில் நிறுத்துத்தான் வாங்கினார்கள். தானியத்துக்குப் படி, கட்டியாகவும் பிசுக்காகவும் இருப்பதற்குத் தராசு. எதை மொள்ள வேண்டும், எதை நிறுக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை. இன்று ஒரே செய்முறையில் கப்பும் கிராமும் கலந்து வருகின்றன. குழப்பம் அங்கே தொடங்குகிறது.

## ஒரே பஸ், வேறு வேறு கூட்டம்

கடலூர்–புதுச்சேரி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குக் காலேஜ் பிள்ளைகளும் வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டுவரை நெருக்கியடித்து நிற்பார்கள். மதியம் இரண்டரைக்கு அதே பஸ்ஸில் ஜன்னலோரம் நாலு பேர், பின் சீட்டில் மீன் கூடையோடு ஒரு அம்மா. பஸ் ஒன்றுதான், உள்ளே இருக்கும் இடமும் ஒன்றுதான். ஏறியிருக்கும் ஆட்கள்தான் வேறு.

கப் என்பது பஸ். அதற்குள் எவ்வளவு பொருள் ஏறியிருக்கிறது என்பது எடை. எவ்வளவு நெருக்கமாக ஏறியிருக்கிறது என்பதற்கு அடர்த்தி என்று பெயர். ஒரு மில்லிலிட்டர் இடத்தில் எத்தனை கிராம் பொருள் இருக்கிறது என்பதுதான் அடர்த்தி. கணக்கும் சின்னதுதான்: கொள்ளளவை அடர்த்தியால் பெருக்கினால் எடை.

வீட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. சமையல் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். 1 லிட்டர் என்றும், பக்கத்தில் 910 கிராம் என்றும் அச்சடித்திருக்கும். கடைக்காரர் 90 கிராம் குறைத்துவிட்டார் என்று சிலர் கோபப்படுவதைக் கேட்டிருக்கிறேன். யாரும் எதையும் குறைக்கவில்லை. எண்ணெய் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது, அதனால்தானே தண்ணீர் மேல் மிதக்கிறது? ஒரு லிட்டர் இடத்தில் அவ்வளவுதான் அடங்கும். தேன் நேர் எதிர். ஒரு லிட்டர் தேன் ஏறக்குறைய 1 கிலோ 400 கிராம் இருக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு தேன் விட்டால் நேரே அடிக்குப் போய்விடும்.

இதுவரை சொன்னதில் ஒன்றை மட்டும் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்: இடம் ஒன்றாக இருந்தாலும், உள்ளே போகும் பொருள் மாறினால் எடை மாறும்.

## தண்ணீருக்கு மட்டும் எப்படிச் சரியாக வருகிறது?

“ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோதானே? அப்ப 250 மில்லி 250 கிராம்தானே?” என்று கேட்பார்கள். தண்ணீருக்குச் சரிதான். இது தற்செயலாக அமைந்தது என்று நினைக்க வேண்டாம். அப்படி வர வேண்டும் என்றே வைத்தார்கள்.

1795-ல் பிரான்சில் கிராம் என்ற அளவைச் சட்டமாகக் கொண்டுவந்தபோது அதைத் தண்ணீரை வைத்துத்தான் வரையறுத்தார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு சென்டிமீட்டராக இருக்கும் ஒரு கனசதுரம். அதில் அடங்கும் சுத்தமான தண்ணீர், பனிக்கட்டி உருகும் குளிர்ச்சியில் எவ்வளவு கனக்குமோ அது ஒரு கிராம். அந்தக் கனசதுரத்தின் இடம்தான் ஒரு மில்லிலிட்டர். பின்னாளில் வரையறைகள் மாறிவிட்டன. ஆனாலும் சமையலறைக்கு ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் என்ற கணக்கு இன்றும் போதும். நம் நாட்டில் 1956-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக வீசையும் பலமும் போய், கிலோவும் லிட்டரும் வந்தன. அவற்றோடு இந்தத் தண்ணீர்க் கணக்கும் நம் தலையில் ஏறிக்கொண்டது. அதை மைதாவுக்கும் சர்க்கரைக்கும் நீட்டிவிட்டதுதான் கோளாறு.

பால் தண்ணீருக்கு மிக அருகில் வரும். 250 மில்லி பால் சுமார் 258 கிராம். மோர், இளநீர், ரசம் எல்லாவற்றுக்கும் தண்ணீர்க் கணக்கே போட்டுக்கொள்ளலாம். பெரிய தப்பு வராது.

## நாம் அளக்கும் காற்று

மாவும் தானியமும்தான் இதில் கஷ்டமான பகுதி. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

காய்ந்த பட்டாணியை ஒரு டம்ளரில் விளிம்புவரை நிரப்புங்கள். டம்ளர் நிறைந்துவிட்டது, இல்லையா? இப்போது அதில் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். கால் டம்ளருக்கும் மேலே தண்ணீர் உள்ளே போகும். நிறைந்த டம்ளரில் அந்த இடம் எங்கே இருந்தது? பட்டாணிகளுக்கு நடுவில். ஒரே அளவு உருண்டைகளை ஒரு பாத்திரத்தில் கொட்டி நன்றாகக் குலுக்கினாலும், அவை சுமார் 64 சதவீத இடத்தைத்தான் அடைக்கும். மீதி காற்று.

கடலூர்ப் பக்கம் மாலையில் அவித்த மல்லாட்டை விற்கும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை. தோலோடு ஒரு படி அளந்து வாங்கினால் பை நிறையத் தெரியும். உரித்துப் பார்த்தால் பருப்பு ஒரு கை, இரண்டு கை. தோலுக்குள்ளே ஒரு காற்று, தோலுக்கும் தோலுக்கும் நடுவே ஒரு காற்று. படிக்கு இதெல்லாம் தெரியாது. தராசிலும் தோலின் கனம் சேர்ந்து வரும், ஆனால் காற்று ஏமாற்றாது.

ஆகவே தானியம், மாவு, சர்க்கரை போன்றவற்றுக்கு நாம் பார்க்க வேண்டியது இந்தக் காற்றையும் சேர்த்த அடர்த்தியை. இதைக் குவியல் அடர்த்தி என்று வைத்துக்கொள்வோம். இதில் ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரின் அடர்த்தியை நம்மால் மாற்ற முடியாது. மாவின் குவியல் அடர்த்தியை ஒரு தட்டு தட்டி மாற்றிவிடலாம்.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காட்டுவதற்காக அன்று ஒரே மைதா பாக்கெட்டை ஒரே 250 மில்லி கப்பில் நாலு விதமாக எடுத்து நிறுத்தோம். சலித்த மாவைக் கரண்டியால் மெதுவாகப் போட்டு, கத்தியின் முதுகால் தலைதட்டினால் 120 கிராம் அளவில் நின்றது. சலிக்காமல் கரண்டியால் போட்டுத் தலைதட்டியபோது 130. கப்பை நேரே டப்பாவுக்குள் விட்டு மொண்டு தலைதட்டினால் 150-ஐத் தாண்டியது. மேடையில் நாலு தட்டு தட்டி, மேலே இன்னும் போட்டு அமுக்கினால் 170-க்கும் மேலே போனது. நாலுமே “ஒரு கப் மைதா”தான்! முதலாவதற்கும் கடைசிக்கும் 50 கிராம் வித்தியாசம். கோபுரமாகக் குவித்து எடுப்பவர்களும் உண்டு, அதை நாங்கள் நிறுக்கவே இல்லை.

இரண்டு கப் மாவு கேட்கும் கேக்கில் இதுவே 100 கிராம் ஆகிவிடும். ஒரு கேக்கு பஞ்சாக வருவதற்கும் செங்கல்லாக வருவதற்கும் அது போதும். “அதே செய்முறை, அவங்களுக்கு வருது, எனக்கு வரல” என்று வருத்தப்படுகிறவர்கள், சொன்னவர் எப்படி மொண்டார் என்று ஒரு தடவை பார்த்தால் போதும், பாதி விடை கிடைத்துவிடும்.

பொடி எவ்வளவு நைசாக இருக்கிறது என்பதும் இதோடு சேர்ந்துகொள்ளும். ஒரு கப் சர்க்கரையை மிக்ஸியில் நைசாகப் பொடித்து மறுபடி அதே கப்பில் அளந்து பாருங்கள். ஒன்றரைக் கப் அளவுக்கு வரும். எடையில் ஒரு கிராம் கூடவில்லை. நைசான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, சரிந்து உட்காராமல், நடுவே காற்றைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால்தான் “ஒரு கப் பொடித்த சர்க்கரை” என்பதும் “ஒரு கப் சர்க்கரையைப் பொடித்துக்கொள்ளவும்” என்பதும் ஒன்றல்ல. செய்முறை எழுதுகிறவர்கள் இந்தச் சொல் வரிசையில் கவனமாக இருக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. துருவிய தேங்காய், நறுக்கிய கொத்தமல்லி, ஊறவைத்த பருப்பு எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

உப்பில் இது இன்னும் முக்கியம். புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தில் உப்பளங்கள் இருக்கின்றன. இந்தப் பக்கத்து வீடுகளில் ஊறுகாய்க்கும் மீன் குழம்புக்கும் இன்னும் கல் உப்புதான். ஒரு டீஸ்பூன் தூள் உப்பு 6 கிராம் அளவுக்கு இருக்கும். கல் உப்பு, கல்லின் பருமனைப் பொறுத்து, 4 அல்லது 5 கிராம்தான் வரும். கல்லுக்குக் கல் இடைவெளி அதிகம். கல் உப்புக்கு எழுதிய ஊறுகாய்ச் செய்முறையில் அதே ஸ்பூன் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் வாயில் வைக்க முடியாது. தூள் உப்புக்கு எழுதியதில் கல் உப்பைப் போட்டால் உப்பு குறையும், ஊறுகாய் கெட்டுப்போகும்.

சுருக்கமாக: திரவத்துக்குப் பொருள் என்ன என்று தெரிந்தால் போதும். மாவுக்கும் பொடிக்கும் தானியத்துக்கும் பொருளோடு அது எப்படி நிரப்பப்பட்டது என்றும் தெரிய வேண்டும்.

## எந்தக் கப்?

கப் என்ற சொல்லே ஒரு அளவு கிடையாது. இங்கே கடைகளில் விற்கும் அளவுக் கப் பெரும்பாலும் 250 மில்லி. சிலவற்றில் 240 என்று இருக்கும். அமெரிக்கச் செய்முறைகளில் வரும் கப் சுமார் 237 மில்லி. ரைஸ் குக்கரோடு கொடுக்கும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லி அளவுதான். அது ஜப்பானிய அரிசி அளவிலிருந்து வந்தது. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளரோ 150-லிருந்து 250 வரை எதுவாகவும் இருக்கலாம். குக்கர் கப்பில் அரிசியை எடுத்துவிட்டு அளவுக் கப்பில் தண்ணீர் விட்டால் சோறு குழைந்துவிடும். அரிசியின் மேல் குற்றமே இல்லை.

ஸ்பூனில் டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. ஆஸ்திரேலியச் செய்முறையாக இருந்தால் டேபிள்ஸ்பூன் 20 மில்லி.

அவுன்ஸ் ஒன்று இருக்கிறது, அது தனிச் சிக்கல். இடத்துக்கும் ஒரு அவுன்ஸ், எடைக்கும் ஒரு அவுன்ஸ், இரண்டுக்கும் ஒரே பெயர். திரவ அவுன்ஸ் அமெரிக்கக் கணக்கில் சுமார் 30 மில்லி. எடை அவுன்ஸ் சுமார் 28 கிராம். அந்தக் காலத்தில் வீட்டில் மருந்து ஊற்றிக் கொடுத்த அவுன்ஸ் கிளாஸ் முதல் வகை. “8 அவுன்ஸ் மைதா” என்று பார்த்துவிட்டு, ஒரு கப்பும் 8 அவுன்ஸ்தானே என்று ஒரு கப் எடுத்துவிடுகிறார்கள். மாவுக்கு அவுன்ஸ் சொன்னால் அது ஏறக்குறைய எப்போதும் எடைதான். 8 அவுன்ஸ் என்றால் 227 கிராம். அமெரிக்கச் செய்முறையில் “ஒரு ஸ்டிக் வெண்ணெய்” என்று வந்தால் அது 113 கிராம்.

## இட்லிக்குச் சரி, மைசூர்பாகுக்கு ஏன் சரிவராது?

“எங்க அம்மா தராசே பார்த்ததில்லை, எல்லாம் டம்ளர்தான். ஒரு நாளும் தப்பினதில்லை” என்று யாராவது சொல்லும்போது நான் மறுப்பதில்லை. அது உண்மை. ஏன் உண்மை என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

இட்லிக்கு நாலு டம்ளர் அரிசி, ஒரு டம்ளர் உளுந்து. 250 மில்லி கப்பில் அரிசி 200 கிராமுக்குச் சற்று மேலே வரும். முழு உளுந்தும் கிட்டத்தட்ட அதே எடைதான். இரண்டும் குவியல் அடர்த்தியில் சகோதரர்கள். அதனால் நாலுக்கு ஒன்று என்பதை டம்ளரில் எடுத்தாலும், கிராமில் எடுத்தாலும், 8 கிலோவுக்கு 2 கிலோ என்று ஓட்டலுக்கு எடுத்தாலும் விகிதம் மாறாது. இன்னொன்று, அம்மா எடுத்தது எப்போதும் ஒரே டம்ளர், ஒரே கை. அந்த டம்ளர் எத்தனை மில்லி என்று தெரிய வேண்டிய அவசியமே அவருக்கு வரவில்லை. விகிதம்தான் செய்முறை. அந்த டம்ளர் தொலைந்துபோன மறுநாள் வீட்டில் எவ்வளவு தவிப்பு என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இப்போது மைசூர்பாகுக்கு வருவோம். ஒரு கப் கடலை மாவு, இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய் என்று ஒரு செய்முறை. ஒருவர் இதை 1:2:2 என்று மனதில் வாங்கிக்கொண்டு, தராசு வாங்கிய உற்சாகத்தில் 100 கிராம் மாவு, 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் நெய் எடுக்கிறார். என்ன ஆகும்? சலித்த கடலை மாவு ஒரு கப் 100 கிராம் அளவுதான். இரண்டு கப் சர்க்கரையோ 420 கிராம். இரண்டு கப் நெய் சுமார் 455 கிராம். ஆக உண்மையான எடை விகிதம் 1:2:2 இல்லை; ஏறக்குறைய 1:4:4½. சர்க்கரையும் நெய்யும் பாதிகூட இல்லாமல் மாவு உருண்டையாகத் திரண்டுவிடும். கப் விகிதத்தை அப்படியே கிராம் விகிதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகத்தான் மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகமாகச் செய்யப்படும் தப்பு இதுதான் என்பது என் எண்ணம். தராசு வைத்திருப்பவர்களும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

## உங்கள் டம்ளரை நீங்களே அளந்துகொள்ளுங்கள்

இணையத்தில் அட்டவணைகள் நிறையக் கிடைக்கும். அவை ஒரு கைகாட்டி. அதைவிட உங்கள் வீட்டு டம்ளர், உங்கள் கை, நீங்கள் வாங்கும் மாவு, இவற்றுக்கு நீங்களே ஒரு பட்டியல் போட்டுக்கொள்வது நல்லது. ஒரு மணி நேர வேலை. சமையலறைக்கென்று சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் டம்ளரின் கொள்ளளவு. வெறும் டம்ளரைத் தராசில் வைத்து, சைபராக்கும் பொத்தானை அழுத்துங்கள். டேர் என்று அதில் எழுதியிருக்கும். பாத்திரத்தின் எடையைக் கழித்துவிடும் பொத்தான் அது. எண்ணெய்க் கடையில் தூக்குவாளியை ஒரு தட்டில் வைத்து, மறு தட்டில் கல் வைத்து ஈடுகட்டிவிட்டு எண்ணெய் ஊற்றுவார்களே, அதே வேலை. இப்போது டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றுங்கள். தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ, உங்கள் டம்ளர் அத்தனை மில்லி. 1795-ல் வைத்த வரையறை இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. அம்மா கொடுத்த பித்தளை ஆழாக்கை நான் இப்படிப் பார்த்தபோது 172 மில்லி பிடித்தது. ஐம்பது வருஷம் கையில் இருந்த பொருளின் அளவு அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அப்புறம் டம்ளரைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, அடிக்கடி புழங்கும் பொருள்களை ஒவ்வொன்றாக நிரப்பி எடை பாருங்கள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை எடுத்து, நடுவில் வரும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மூன்று தடவையும் எண் அவ்வளவாக மாறாவிட்டால் அந்தப் பொருளை டம்ளரில் அளக்கலாம், பயமில்லை. சர்க்கரையும் அரிசியும் ரவையும் அப்படி நிற்கும். எண் அங்கும் இங்கும் தாவினால் அதைத் தராசில்தான் எடுக்க வேண்டும். மைதா, கோதுமை மாவு, கடலை மாவு, மில்லில் அரைத்து வந்த அரிசி மாவு எல்லாம் தாவும்.

உங்கள் எண்கள் சரியான திசையில் இருக்கின்றனவா என்று பார்க்க, 250 மில்லி கப்புக்கு என் வீட்டில் வந்தவை: சர்க்கரை 210 கிராம், ரவை 175, கடலை மாவு 100, எண்ணெய் 228, தேன் 350. உங்களுக்கு ஐந்து, பத்து கிராம் கூடக் குறைய வரலாம். கடலை மாவுக்கு 250 வந்தால் எங்கேயோ பிசகியிருக்கிறது என்று பொருள்.

கப்பில் இருக்கும் செய்முறையைக் கிராமுக்கு மாற்ற, எத்தனை கப் என்பதை அந்தப் பொருளின் எண்ணால் பெருக்குங்கள். கிராமில் இருப்பதைக் கப்புக்கு மாற்ற வகுத்துக்கொள்ளுங்கள். சித்தியின் 250 கிராம் மைதாவை 130-ஆல் வகுத்தால் ஏறக்குறைய இரண்டு கப். அவள் ஒன்று எடுத்திருந்தாள்.

## தராசு வேண்டாத இடங்கள்

எல்லாவற்றையும் நிறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுத் தராசு பெரும்பாலும் ஒரு கிராம் சுத்தத்தில்தான் காட்டும். அரை டீஸ்பூன் ஈஸ்ட் ஒன்றரை கிராம் அளவுதான். அதைத் தராசில் எடுத்தால் ஒன்று என்று காட்டும், இல்லாவிட்டால் இரண்டு என்று காட்டும். அவ்வளவு சின்ன அளவுக்கு அளவு ஸ்பூனே மேல். தாளிக்கிற கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள் எல்லாம் கையும் கண்ணும் பார்த்துக்கொள்ளும். சோற்றுக்கு ஒரு டம்ளருக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் என்பதை நான் இன்றும் டம்ளரில்தான் வைக்கிறேன்.

தராசு சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரையில் காற்றே ஈரம். திறந்து வைத்த மாவு அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 250 கிராமில் ஒரு சிறு பங்கு அந்த ஈரமாகவே இருக்கும். அதனால் மழைக்காலத்தில் எடை சரியாக எடுத்தாலும், தண்ணீரைக் கொஞ்சம் கையில் வைத்துக்கொண்டு பதம் பார்த்துச் சேர்க்க வேண்டும்.

அன்றைக்கு நீர்த்துப்போன அந்த மாவை நாங்கள் கொட்டவில்லை. தராசில் 120 கிராம் மைதா நிறுத்து, சலித்து, கட்டியில்லாமல் அடித்துச் சேர்த்தோம். அரை மணி நேரம் மூடி வைத்துவிட்டு ஊற்றினால் கல்லில் அழகாகப் பரவியது, ஓரம் லேசாகச் சிவந்தது. சாப்பிட்டுவிட்டு அவள் ஒரு தாளில் பட்டியல் எழுத ஆரம்பித்தாள். முதல் வரியில் “மைதா – 130” என்று எழுதியவள், பேனாவை எடுக்காமல் கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்திலேயே சேர்த்தாள்: “250 மில்லி கப், சலிக்காமல், கரண்டியால் போட்டு, தலைதட்டி.”